முதலில் வழியைப் பிடியுங்கள், கம்பி அப்புறம்

தமிழ்நாட்டிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு மின்கட்டமைப்புத் திட்டமிடல் வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, இங்கே எந்த சாஃப்ட்வேர் ஓட்டுகிறார்கள்?" என்றுதான். சாஃப்ட்வேரை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். இருபது ஆண்டுக்கு ஒரு நாட்டின் லைன்கள் எங்கே போக வேண்டும் என்று எழுதுவது வேறு வேலை. அதை எந்த வரிசையில் செய்வது என்று இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாக வந்து சேர்பவர்களுக்கு இனி இதையே அனுப்பிவிடலாம்.

முதல் நாள் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். தென்னாப்பிரிக்க வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து மேஜையில் விரியுங்கள். நிலக்கரி மின்நிலையங்கள் பெரும்பாலும் ம்புமலாங்கா மாகாணத்தில் இருக்கின்றன. லோடு, அதாவது மின்சாரத் தேவை, பக்கத்திலேயே, ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கவுட்டெங் மாகாணத்தில். அதனால் அந்த மூலையில் 400 கேவி (கிலோவோல்ட்) லைன்கள் சிலந்தி வலை மாதிரி நெருக்கமாக ஓடும். வெயிலோ மேற்கே அப்பிங்டன் பக்கம் கொட்டுகிறது. காற்று கிழக்கு கேப் கடலோரத்திலும் கரூ என்ற வறண்ட உள்நாட்டு மேடுகளிலும் அடிக்கிறது. அங்கே லைன்கள் கொஞ்சம்தான், அவையும் கேப் டவுனுக்கு மின்சாரம் கொண்டுபோகப் போட்டவை. இனி அதே திசையிலிருந்து மின்சாரம் வெளியே வர வேண்டும். அரசு தனியாரிடம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்க நடத்தும் ஏலத்தில், 2022-இல் முடிவான ஆறாவது சுற்றில் காற்றாலைத் திட்டம் ஒன்றுகூடத் தேர்வாகவில்லை. ஏலம் கேட்க ஆள் இருந்தது. கேப் பகுதியின் லைன்களில்தான் இடம் இல்லை.

அடுத்தது காலக்கணக்கு. சூரிய மின்நிலையம் வேலை தொடங்கினால் இரண்டு ஆண்டில் எழுந்து நிற்கும். 400 கேவி லைனுக்கு ஏழிலிருந்து பத்து ஆண்டு வரை ஆகிறது. டவர் நிறுத்தவும் கம்பி இழுக்கவும் அதில் கொஞ்ச காலம்தான் போகும். மீதியெல்லாம் பாதை தேர்வு, சுற்றுச்சூழல் ஆய்வு, ஒவ்வொரு பண்ணைக்காரரிடமும் வழியுரிமை வாங்குவது. இங்கே அதை சர்விடியூட் என்பார்கள். ஆகவே இணைப்பு கேட்டு விண்ணப்பம் வரட்டும், பிறகு லைனை யோசிக்கலாம் என்று இருந்தால் ஐந்து ஆண்டு பின்தங்கிவிடுவீர்கள்.

சரி, யாரும் வராத இடத்துக்கு முன்கூட்டியே லைன் போட்டுவிட்டு அது சும்மா கிடந்தால்? கட்டணத்தை முடிவு செய்யும் நெர்சா அதைத்தான் கேட்கும், கேட்கவும் வேண்டும். நான் செய்வது இது. மூன்று எதிர்காலங்களை எழுதிக்கொள்வேன். ஒன்றில் காற்றாலை வேகமாக வளரும். ஒன்றில் நிலக்கரி நிலையங்கள் மூடும் தேதி தள்ளிப் போகும். ஒன்றில் லோடே ஏறாது, கூரைகளில் பேனல் பெருகும். மூன்றுக்கும் தனித்தனியே லைன் பட்டியல் போட்டு அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மூன்றிலும் வரும் லைனைக் கட்டச் சொல்லுங்கள். இரண்டில் வருவதற்கு வழியுரிமையை மட்டும் வாங்கி வையுங்கள். ஒன்றில் மட்டும் வருவது பென்சில் கோடாகவே இருக்கட்டும். இந்த நடு வகையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். லைனின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் நிலத்துக்குப் போவது சிறு பங்கு, ஆனால் காலத்தைத் தின்பது அதுதான். கணிப்பு பொய்த்தாலும் கையில் வழியுரிமை இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

இந்த நாட்டில் அதற்கு ஒரு வசதியும் உண்டு. அரசு 2018-இல் ஐந்து மின்பாதைத் தடங்களையும் எட்டு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மண்டலங்களையும் அரசிதழில் அறிவித்தது. மண்டலங்களோடு மேலும் மூன்று 2021-இல் சேர்ந்தன. அவற்றுக்குள் போனால் அனுமதி வேலை குறையும். உங்கள் பென்சில் கோடு தடத்துக்கு வெளியே போனால் அதற்குக் காரணம் எழுதுங்கள்.

இப்போது கம்ப்யூட்டரைத் திறக்கலாம். பழைய முறையில் குளிர்கால மாலை உச்சநேரத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தால் போதும். ஜூன் மாதம் இங்கே ஐந்தரைக்கே இருட்டிவிடும். ஹீட்டர், அடுப்பு, கீசர் எல்லாம் ஒன்றாக ஓடும். அந்த நேரத்தை இன்றும் விடக்கூடாது, சூரிய ஒளி பூஜ்யம் என்பதால். கூடவே மார்கழி நண்பகலையும் சேருங்கள். இங்கே மார்கழி என்றால் கொளுத்தும் கோடை. கிறிஸ்துமஸை ஒட்டித் தொழிற்சாலைகள் மூடியிருக்கும், லோடு அடிமட்டத்தில், வெயில் உச்சத்தில். போதாக்குறைக்கு கூரைப் பேனல். 2023-இல் லோடு ஷெட்டிங் படுத்திய பாட்டில் லெனேசியாவில் எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு வீடு பேனல் ஏறிவிட்டது. கட்டுப்பாட்டு அறைக்கு அது உற்பத்தியாகத் தெரியாது, 'லோடு காணோம்' என்றுதான் தெரியும். மூன்றாவதாக, காற்று பலமாக வீசும் நள்ளிரவு. மூன்றிலும் மின்சாரம் ஓடும் திசை வேறு.

இதில் ஒரு கண்டிப்பான விதி. காற்று, வெயில், லோடு மூன்றின் மணிவாரித் தரவும் ஒரே ஆண்டுடையதாக இருக்க வேண்டும். 2019-இன் காற்றையும் 2021-இன் லோடையும் ஒட்டினால், மேகமும் குளிரும் சேர்ந்து வந்த நாள் தொலைந்துபோகும். அந்த நாளுக்காகத்தான் இவ்வளவு பாடும். ஆண்டின் 8,760 மணி நேரத்தையும் ஓட்டிவிட்டு, நெருக்கடியான மணிகளைப் பொறுக்கி எடுத்து விரிவாகப் பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியும். காற்றாலையும் சூரிய நிலையமும் ஒரே லைனைப் பகிர்ந்துகொண்டால், இரண்டும் சேர்ந்து முழு அளவைத் தொடும் நேரம் மிகக் குறைவு. அந்தச் சில மணிகளுக்காக இன்னொரு லைன் போடுவதா, உற்பத்தியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வதா? மேற்கு, கிழக்கு கேப்பில் இப்படிக் குறைப்பதை ஏற்றுக்கொண்டால் சுமார் 3,400 மெகாவாட்டுக்கு மேல் இடம் கிடைக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். புது டவர் ஒன்றும் வேண்டாம். நான் முப்பந்தல் பக்கத்துக்காரி. காற்று சீசனில் 'பேக் டவுன்' உத்தரவு வந்தால் காற்றாலைக்காரர்கள் எப்படிக் கொதிப்பார்கள் என்று பார்த்து வளர்ந்தவள். அதனால் சொல்கிறேன்: குறைப்பு எவ்வளவு, யாருக்கு, அதற்கு ஈடு உண்டா என்பதை ஒப்பந்தம் போடும் முன்பே எழுத்தில் வையுங்கள்.

எந்த மின்னழுத்தத்தில் லைன் போடுவது? நீண்ட தூரத்துக்கு 400 கேவி லைன் ஒன்று இயல்பாகச் சுமப்பது சுமார் 600 மெகாவாட். 765 கேவி 2,000-ஐத் தாண்டும். நிலத்தின் அகலம் 400-க்கு 55 மீட்டர், 765-க்கு 80 மீட்டர். அதாவது 2,400 மெகாவாட்டுக்கு நான்கு 400 கேவி லைன், 220 மீட்டர் அகலம். கிட்டத்தட்ட அதே வேலையை ஒரே 765 லைன் 80 மீட்டரில் முடித்துவிடும். ஆனால் அது அறுந்தால் அத்தனையும் போய்விடும் என்பதால் 765-ஐத் தனியாக விடாதீர்கள். என் கணக்கில், அப்பிங்டன் மாதிரி தூரத்துக்கு இன்று 400 மட்டும் போடுவது சிக்கனமே அல்ல.

டிரான்ஸ்ஃபார்மரை மறக்க வேண்டாம். தேசிய மின்கடத்தல் நிறுவனம் 2024 ஜூலை 1 முதல் தனியாக இயங்குகிறது. அதன் பத்தாண்டுத் திட்டத்தில் சுமார் 14,500 கி.மீ. லைன் இருக்கிறது. செய்தியாளர்கள் கிலோமீட்டரைத்தான் எழுதுவார்கள். சீக்கிரம் பலன் தருவதோ இருக்கிற சப்ஸ்டேஷனில் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர். நிலம் ஏற்கெனவே நம்முடையது. ஆர்டர் கொடுத்தால் வந்து சேர ஆண்டுக்கணக்கில் ஆகும், அதனால் அதை முதலில் கொடுங்கள். புது சப்ஸ்டேஷனுக்கு நிலம் வாங்கினால் இன்றைய தேவையின் இரண்டு மடங்கு வாங்குங்கள். வேலி போட்ட பிறகு பக்கத்து நிலத்தின் விலை என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா?

அப்புறம் கிளம்பிப் போய்ப் பாதையைப் பாருங்கள். இதைக் கட்டாயம் செய்யுங்கள். கரூவில் ஒரு பண்ணை வீட்டுச் சமையலறை மேஜையில், காபிக்கும் ரஸ்குக்கும் நடுவே எங்கள் வரைபடத்தை விரித்தபோது, பண்ணைக்காரர் மெகாவாட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. டவரின் கால் எங்கே விழும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம், உங்கள் வண்டி கேட்டைத் திறந்துவிட்டுப் போனால் என் ஆடுகளை யார் பிடிப்பது: இந்த மூன்றுதான் கேட்டார். டவரைக் கொஞ்சம் நகர்த்தியதும் பாதிப் பேச்சு முடிந்தது. கேட் சாவி யாரிடம் என்பதை ஒப்பந்தத்தில் தனி வரியாகப் போட்டோம்.

அதே வெளியில் கானமயில் குடும்பத்தைச் சேர்ந்த லட்விக் பஸ்டர்ட் பறவைகள் கம்பியில் மோதிச் சாகின்றன. முக்கியமாக, டவரின் உச்சியில் போகும் மெல்லிய எர்த் கம்பி அவற்றின் கண்ணில் படுவதில்லை. அதில் ஆடும் வில்லைகளைத் தொங்கவிடுவது வழக்கம். கனமான இந்தப் பறவைக்கு அது அவ்வளவாக உதவவில்லை. அவை கூடும் இடத்தைத் தவிர்த்துப் பாதை போடுவதே மேல். கர்னார்வன் பக்கம் போனால் ரேடியோ தொலைநோக்கிகளுக்கான அமைதி வட்டாரம். லைனும் இன்வெர்ட்டரும் எழுப்பும் மின்காந்த இரைச்சல் அங்கே ஆகாது, 2007-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அந்த எல்லையை முதல் நாள் வரைபடத்திலேயே சிவப்பில் போட்டுவிடுங்கள்.

கட்டமைப்பின் பலத்தைப் பற்றிச் சுருக்கமாக. சுழலும் பெரிய ஜெனரேட்டர்கள் போகப் போக, மின்னழுத்தத்தைப் பிடித்து வைக்க ஆள் குறையும். 2025 ஏப்ரல் 28-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது, அழுத்தம் எகிறி நிலையங்கள் அடுக்கடுக்காக விழுந்தன. எந்த சப்ஸ்டேஷனில் சின்க்ரனஸ் கண்டென்சர் (எரிபொருள் இல்லாமல் சுழன்று மின்னழுத்தத்தைத் தாங்கும் இயந்திரம்), எங்கே கிரிட்-ஃபார்மிங் பேட்டரி (மின்னழுத்தத்தைத் தானே உருவாக்கிப் பிடிக்கும் பேட்டரி) என்பதை லைன் பட்டியலோடு சேர்த்தே எழுதுங்கள். மூடிய நிலக்கரி நிலையங்களின் சுவிட்ச்யார்டை, அதாவது நிலையத்தை லைன்களோடு இணைக்கும் முற்றத்தை, கழற்ற விடாதீர்கள். கோமாட்டி 2022 அக்டோபரில் நின்றது, அதன் இணைப்பு லைன்களுக்கு மதிப்பு குறையவில்லை.

கடைசியாக ஒரு அலுவலக வேலை. சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தில் காலாவதித் தேதி இருக்கும். ஒவ்வொரு லைனுக்கும் அதைத் திட்ட அட்டவணையில் தனிப் பத்தியாகப் போடுங்கள். வேலை தொடங்கத் தாமதமாகும் என்று தெரிந்தால், தேதி முடியும் முன்பே நீட்டிப்பு கேட்டுவிட வேண்டும். முடிந்த பிறகு போனால் முழு ஆய்வும் மறுபடி முதலிலிருந்து.