கேத வீட்டில் வசனம் சொல்பவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு கேத வீட்டுக்கு வாலிபர் குழுவோடு போயிருந்தேன். கணவரைப் பறிகொடுத்த அக்கா காபி டம்ளர்களைக் கீழே வைத்து நிமிர்வதற்குள் ஒரு தம்பி பைபிளைத் திறந்து, "ஒன்றுக்குங் கவலைப்படாமல்..." என்று தொடங்கிவிட்டான். பிலிப்பியர் 4:6. எனக்குக் காது சுட்டது. அவன் வயதில் நானும் இதையேதான் செய்தேன்.

உச்சரிப்பு, நீளமான ஜெபம், போன் சத்தம் பற்றியெல்லாம் எழுதவில்லை. அவை தானாகச் சரியாகும்.

"கவலைப்படாதே"யை வைத்து வாயை அடைப்பது

தேவகோட்டையில் லாரி ஓட்டியவர் ஒருவர் விபத்தில் இறந்துபோனார். மூன்றாம் நாள் போய் இதே வசனத்தைப் பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் மனைவி "சரி தம்பி" என்றார். அதன் பிறகு எப்போது விசாரித்தாலும், "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன் தம்பி."

ஏழு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டில் சொல்லித்தான் தெரிந்தது. அடகு வைத்த ஐந்து பவுன் சங்கிலி, வட்டி கட்ட முடியாமல் ஏலத்தில் போயிருந்தது. "ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன். "கவலைப்பட்டா விசுவாசம் இல்லேன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க."

இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது. அந்த வசனம் வரும் நிருபத்தையே, அதாவது பிலிப்பி ஊர் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதத்தையே, நான் முழுசாக வாசிக்கவில்லை என்பதுதான் அதில் பெரிய கொடுமை. பவுல் அதைச் சிறையிலிருந்து எழுதினார். இரண்டு அதிகாரம் முன்னால் போனால், தன் உடன் ஊழியர் எப்பாப்பிரோதீத்து வியாதியில் செத்துப்போயிருந்தால் தனக்குத் 'துக்கத்தின்மேல் துக்கம்' வந்திருக்கும் என்கிறார் (2:27). கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், எல்லாச் சபைகளையும் பற்றிய கவலை தன்னை நாள்தோறும் நெருக்குவதாக ஒத்துக்கொள்கிறார் (11:28).

இன்னொன்று. 4:6-இல் 'கவலைப்படாமல்' என்பதற்கு வரும் அதே கிரேக்க வினைச்சொல்தான் 2:20-இலும் வருகிறது. அங்கே தன் இன்னொரு உடன் ஊழியர் தீமோத்தேயுவைப் புகழ்வதற்கு! அந்த இடத்தில் நம் பழைய தமிழ் பைபிள் 'விசாரிக்கிறதற்கு' என்று போட்டிருக்கிறது. கேதம் விசாரிக்கப் போகிறோம் என்கிறோமே, அந்த விசாரிப்பு. ஒருவர்மேல் அக்கறையாய்க் கவலைப்படுவதை பவுல் குற்றம் என்று சொல்லவே இல்லை.

மத்தேயு 6-இல் இயேசு 'கவலைப்படாதிருங்கள்' என்று சொல்வதையும் இப்படித்தான் பாதியில் வெட்டுகிறார்கள். அவர் அங்கே பேசுவது சாப்பாடு, துணிமணி, நாளைய தினம் பற்றி. அதுவும், 'அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்' என்றுதான் முடிக்கிறார். இன்றைக்குப் பாடே இல்லை என்று அவர் சொல்லவில்லை. பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருப்பதாகச் சொன்னவரும் அவரே. செத்துப்போன நண்பன் லாசருவின் கல்லறைப் பக்கம் அழுதவரும் அவரே, அதுவும் அவனை எழுப்பப் போவது தெரிந்திருந்தும்.

புலம்பல் சங்கீதங்களைத் தாண்டிப் போவது

88-ஆம் சங்கீதத்தைக் கூட்டங்களில் யாரும் வாசிப்பதில்லை. அது ஆறுதலில் முடியாது. தெரிந்தவர்கள் எல்லாரும் விலகிப்போனார்கள் என்ற புலம்பலோடு அப்படியே நின்றுவிடும். எனக்குத் தெரிந்து, தூக்கமில்லாத சிலருக்கு 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்ற 23-ஆம் சங்கீதத்தைவிட இதுதான் கைகொடுத்திருக்கிறது.

காரணம் கண்டுபிடிப்பது

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல மனுஷர்கள். பிறகுதான், அவர் பாவம்தான் காரணம் என்று பேச ஆரம்பித்தார்கள்.

மருந்தை நிறுத்தச் சொல்வது

கூடவே கூடாது.

பசியை மறப்பது

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்கிறார் (1 இராஜாக்கள் 19). வந்த தூதன் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுத் திரும்பவும் தூங்கியவரை எழுப்பி, மறுபடியும் அதையே சொன்னான்.

செக்காலையிலிருந்து திரும்பும்போது அந்தத் தம்பி, "அப்ப என்ன வசனம்ணே வாசிக்கிறது?" என்று கேட்டான்.

"இந்த மாசம் வாடகை எப்படிக் கொடுக்கப் போறாங்கன்னு கேட்டியா?"

"இல்லண்ணே."

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தவன், கழனிவாசல் தாண்டும் முன்னால் பைக்கைத் திருப்பினான்.