இரைப்பைப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் நிணநீர் முடிச்சுக் கணக்கைப் படிப்பது எப்படி?

இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து பேத்தாலஜி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் ஸ்டேஜ் எண்ணைத்தான் தேடுவார்கள், அடுத்த நிமிஷமே அந்த ஸ்டேஜுக்கு எத்தனை வருஷம் என்று போனில் தேடுவார்கள். தேடாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் தேடுவதற்கு முன்னால் ரிப்போர்ட்டில் எந்த வரியைப் பார்க்க வேண்டும், அதிலிருந்து எவ்வளவு தூரம் ஊகிக்கலாம் என்பதைச் சொல்கிறேன்.

நிணநீர் முடிச்சுகள் (lymph nodes) என்ற தலைப்பைக் கண்டுபிடியுங்கள். அங்கே 3/22 என்பதுபோல ஒரு பின்னம் இருக்கும். மொத்தம் 22 முடிச்சுகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள், அவற்றில் 3இல் புற்று இருந்தது என்று அர்த்தம். சில ரிப்போர்ட்டுகளில் இப்படி மொத்தமாகப் போடாமல் 1, 3, 4, 7, 8 என்று தொகுதி வாரியாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். அவை ஜப்பானிய அறுவை நிபுணர்கள் இரைப்பையைச் சுற்றியுள்ள முடிச்சுக் கூட்டங்களுக்குக் கொடுத்த எண்கள். 1 முதல் 6 வரை இரைப்பையை ஒட்டியவை, 7க்கு மேல் அதற்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளின் ஓரமாக இருப்பவை. ஒவ்வொரு தொகுதிக்கும் போட்டிருக்கும் பின்னங்களை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள், மேல் எண்கள் தனியாக, கீழ் எண்கள் தனியாக.

மேல் எண்ணை வைத்துத்தான் "என்" (N) பிரிவு, அதாவது முடிச்சுகளில் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற பிரிவு வரும். ஒன்றிலும் இல்லையென்றால் என்0, 1 அல்லது 2 என்றால் என்1, 3 முதல் 6 வரை என்2, 7 முதல் 15 வரை என்3ஏ, 16 அல்லது அதற்கு மேல் என்றால் என்3பி. இதற்குப் பெருந்தமனியை ஒட்டிய தூரத்து முடிச்சுகள் சேராது, அங்கே இருந்தால் அது பரவிய நோய், நான்காவது ஸ்டேஜ். இன்னொன்று: பழைய கட்டுரை எதையாவது படிக்கும்போது அதன் வருஷத்தைப் பாருங்கள். 1997க்கு முன்பு முடிச்சு கட்டியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று பார்த்தார்கள், 1997 முதல் எண்ணிக்கை வந்தது, ஆனால் அப்போது 6 முடிச்சு வரைக்கும் என்1தான். இன்றைய என்1ஐ அந்தக் காலத்து என்1 அட்டவணையில் வைத்துப் பார்த்தால் தேவையில்லாமல் பயப்படுவீர்கள்.

இப்போது கீழ் எண்ணுக்கு வருவோம். யாரும் கேட்காத கேள்வி இது, என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான். குறைந்தது 16 முடிச்சுகளைப் பார்த்திருக்க வேண்டும், 30க்கு மேல் என்றால் இன்னும் நல்லது என்பது இப்போதைய வழிகாட்டுதல். 0/7 என்று வந்தால் அதுவும் என்0தான், 0/35 என்று வந்தாலும் என்0தான், ஆனால் முதலாவது "பார்த்த வரைக்கும் இல்லை", இரண்டாவதைத்தான் ஓரளவு நம்பி "இல்லை" என்று சொல்லலாம்.

எண்ணிக்கை குறைவதற்கு இரண்டு இடங்களில் காரணம் இருக்கலாம். ஒன்று ஆபரேஷன் மேஜை: இரைப்பையை ஒட்டியதை மட்டும் எடுப்பது டி1 (D1), தமனி ஓரத்து முடிச்சுகளையும் சேர்த்து எடுப்பது டி2 (D2). நெதர்லாந்தில் இந்த இரண்டையும் ஒப்பிட்டு 15 வருஷம் பின்தொடர்ந்த ஆய்வில், இந்த நோயாலேயே இறந்தவர்கள் டி1 குழுவில் 48 சதவீதம், டி2 குழுவில் 37 சதவீதம். இரண்டாவது இடம் லேப். இரைப்பையோடு ஒட்டிவரும் கொழுப்பை மெல்லிய துண்டுகளாக வெட்டி, விரலால் அழுத்தி அழுத்தித் தேடித்தான் முடிச்சுகளை எடுக்கிறார்கள். பல முடிச்சுகள் சில மில்லிமீட்டர் அளவுதான், ஃபார்மலினில் ஊறிய கொழுப்புக்குள் ஒளிந்திருக்கும், அவசரப்பட்ட கைக்கு அகப்படாது. ஆக, டி2 செய்தேன் என்று டாக்டர் சொல்லியும் ரிப்போர்ட்டில் 9தான் இருக்கிறது என்றால், மறுபடி ஒருமுறை கொழுப்பில் தேட முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, ஆனால் உடனே கேளுங்கள், மிச்சத் திசுவை லேபில் சில வாரங்கள்தான் வைத்திருப்பார்கள். முன்கூட்டியே கீமோ எடுத்தவர்களுக்கு முடிச்சுகள் சுருங்கிப்போய் எண்ணிக்கை கொஞ்சம் குறைவதும் உண்டு, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

கீழ் எண்ணையும் கணக்கில் சேர்க்க ஒரு சுலபமான வழி விகிதம். மேல் எண்ணைக் கீழ் எண்ணால் வகுத்துவிடுங்கள். 2/4 என்பதும் 2/40 என்பதும் இரண்டுமே என்1, ஆனால் ஒன்று 50 சதவீதம், மற்றது 5 சதவீதம். விகிதம் ஏறஏற உயிர்வாழ்வு குறைகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, போதுமான முடிச்சுகள் எடுக்காத இடங்களில் வெறும் எண்ணிக்கையைவிட இது நன்றாகக் கணிக்கிறது என்றும் சொல்கிறார்கள். இதில் ஒரு ஓட்டை உண்டு, பூஜ்யத்தை எதால் வகுத்தாலும் பூஜ்யம்தான், 0/5க்கும் 0/40க்கும் வித்தியாசமே தெரியாது. அதைச் சரிக்கட்ட லாட்ஸ் (LODDS) என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: புற்று உள்ளவற்றோடு அரை, இல்லாதவற்றோடு அரை கூட்டி, முதலாவதை இரண்டாவதால் வகுத்து மடக்கை எடுப்பது. 0/5க்கு சுமார் -1.04, 0/40க்கு -1.91 வரும், எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது. வீட்டில் உட்கார்ந்து இதைப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமில்லை, கட்டுரைகளில் கண்ணில் பட்டால் மிரளாமல் இருந்தால் சரி.

அப்புறம் ஸ்டேஜ். "என்" (N) பிரிவோடு, கட்டி இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்ற "டி"யும் (T, ஆபரேஷன் வகையான D இல்லை) சேர்ந்துதான் ஸ்டேஜ் ஆகும். இந்த ஸ்டேஜ் வகைப்பாட்டின் (TNM) எட்டாம் பதிப்பை உருவாக்கிய 25,000க்கும் மேற்பட்டோரின் தரவில் 5 வருஷ உயிர்வாழ்வு ஏறத்தாழ இப்படி: 1ஏ 94 சதவீதம், 1பி 88, 2ஏ 82, 2பி 68, 3ஏ 54, 3பி 36, 3சி 18. டி3 (T3) கட்டியோடு 2 முடிச்சு என்றால் 2பி, 3 முடிச்சு என்றால் 3ஏ. அதாவது லேபில் கூடுதலாக ஒரே ஒரு முடிச்சு அகப்பட்டதற்காக 68 என்பது 54 ஆகிவிடுகிறது, ஆனால் அந்த மனிதரின் உடம்பில் எதுவும் மாறவில்லை. கோடு எங்கேயாவது போட்டுத்தான் ஆக வேண்டும், எல்லையில் நிற்பவர்கள் இரண்டு எண்களுக்கும் நடுவில் தங்களை வைத்துக்கொள்வதே நியாயம்.

இதே காரணத்தால் நன்றாகத் தேடும் மருத்துவமனைகளின் புள்ளிவிவரம் எல்லா ஸ்டேஜிலும் அழகாகத் தெரியும். ஒளிந்திருந்த முடிச்சு அகப்பட்டவர்கள் மேல் ஸ்டேஜுக்குப் போய்விடுவதால் கீழ் ஸ்டேஜின் சராசரி ஏறும், புதிதாகப் போனவர்கள் அங்கே இருப்பவர்களைவிடத் தேவலை என்பதால் அங்கேயும் சராசரி ஏறும், யாரும் ஒருநாள் கூட அதிகம் வாழாமலே. வில் ரோஜர்ஸ் விளைவு என்று இதற்கு ஒரு பெயரே இருக்கிறது.

மேலே சொன்ன சதவீதங்களைக் கையில் எடுக்கும்போது மூன்று விஷயம். அந்தத் தரவு பெரும்பாலும் ஜப்பான், கொரியா மருத்துவமனைகளிலிருந்து வந்தது. ஆபரேஷனுக்கு முன் கீமோ எடுக்காதவர்களுக்கானது. 54 சதவீதம் என்றால் நூறு பேரில் ஏறக்குறைய 54 பேர் ஐந்து வருஷத்தைத் தாண்டினார்கள் என்றுதான் அர்த்தம், ஐந்து வருஷம்தான் ஆயுள் என்றில்லை.

முன்கூட்டியே கீமோ எடுத்திருந்தால் ரிப்போர்ட்டில் டி (T), என் (N) இரண்டுக்கும் முன்னால் ஒய்பி (yp) என்று இருக்கும், அதற்கு அட்டவணையே வேறு. அங்கே முடிச்சின் எடை இன்னும் கூடுகிறது: மேஜிக் என்ற பிரிட்டிஷ் ஆய்வின் மாதிரிகளைப் பின்னால் அலசியபோது, கட்டி எவ்வளவு கரைந்தது என்பதைவிட முடிச்சுகளில் புற்று மிச்சம் இருக்கிறதா என்பதுதான் தனித்து நின்று உயிர்வாழ்வைக் கணித்தது. சிடி ஸ்கேனில் முடிச்சு பெரிதாகத் தெரிந்தது என்பதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வீக்கத்தாலும் பெரிதாகும், சிறிய முடிச்சிலும் புற்று இருக்கும்.

ஸ்டேஜைத் தாண்டி ஒருவருக்கான கணிப்பு வேண்டுமென்றால் நோமோகிராம், அதாவது பல விவரங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டி வாய்ப்பைச் சொல்லும் கணக்கு, பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் 2003இல் வெளியிட்ட ஒன்றில் வயது, கட்டி இருக்கும் இடம், அளவு, ஆழம் இவற்றோடு புற்று உள்ள முடிச்சுகளும் இல்லாத முடிச்சுகளும் தனித்தனியாக உள்ளே போகின்றன, கீழ் எண் அங்கே வீணாவதில்லை. ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம் திரும்ப வராமல் கடந்தவர்கள் மட்டும் பழைய சதவீதத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம். இந்த நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருஷத்துக்குள்தான், அதனால் அடுத்த செக்கப்பில் "ஆபரேஷன் நாளிலிருந்து இல்லை, இன்றைக்கு இருக்கும் நிலையிலிருந்து எப்படி?" என்று கேளுங்கள், பதில் பெரும்பாலும் மேலானதாகவே இருக்கும்.