ஜெர்சி நம்பர் எடுக்கும் முன்னாடி

சென்னை பெரியமேட்டுக் கடையில பாஸ்கெட்பால் ஜெர்சி அடிக்கக் கொடுக்கும் முன்னாடி, சீனியருங்க எந்தெந்த நம்பர் வெச்சிருக்காங்கன்னு கேட்டுக்கோ தம்பி. ஒரு டீம்ல ஒரு நம்பர் ஒருத்தருக்குத்தான். முன்னெல்லாம் உலக பாஸ்கெட்பால் அமைப்பான ஃபிபா (FIBA) விதிப்படி 4 முதல் 15 வரைதான். இப்போ 0, 00, 1 முதல் 99 வரை இருக்கு. ஆனா போட்டி நடத்துறவங்ககிட்டயும் கேட்டுடு.

ஃபவுல் விழுந்தா ரெஃப்ரி கையாலதான் நம்பர் காட்டுவார். 23னா முதல்ல புறங்கை தெரிய ரெண்டு விரல், அப்புறம் உள்ளங்கை தெரிய மூணு.

அந்த 23-ஐத்தான் பாதிப் பேர் கேக்கறீங்க. அமெரிக்க பாஸ்கெட்பால் வீரர் மைக்கேல் ஜோர்டன் தன் அண்ணன் லாரியோட 45-ல பாதி, 22.5-ஐ முழு எண்ணாக்கி எடுத்தது அது. உனக்குன்னு ஒரு காரணம் வேணாமா? 29சி பஸ்ல வர்ற பையன் 29 கேட்டான், உடனே கொடுத்துட்டேன்.

நம்பர் உயரம் பின்னாடி எவ்வளவு, முன்னாடி எவ்வளவுன்னு விதியில பாத்துக்கோ. கடைக்காரர்கிட்ட வாயால சொல்லாதே, எழுதிக் கொடு.