ஹவாயில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் முன்

ஹவாயில் குடியேறிப் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்கும் நம்மவர்கள், உடன் படிக்கும் ஹவாய்ப் பூர்வகுடிப் பிள்ளைகள் வீட்டில் எவ்வாறு வளர்கிறார்கள் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வீட்டு வளர்ப்புக்கும் பள்ளியின் எதிர்பார்ப்புக்கும் உள்ள இடைவெளி தெரியாதவர்களே அப்பிள்ளைகளைப் படிப்பில் அக்கறையற்றவர்கள் என்றும், பார்த்து எழுதுபவர்கள் என்றும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை நம் வீட்டுக்குள் நுழைய விடக்கூடாது.

'ஒஹானா' எனப்படும் விரிந்த குடும்பத்தில், நடக்கத் தொடங்கிய குழந்தையைப் பெரும்பாலும் அண்ணன்மாரும் அக்காமாருமே பார்த்துக்கொள்கிறார்கள். கடற்கரைப் பூங்கா ஒன்றில், ஒன்பது வயது மதிக்கத்தக்க சிறுமி தன் தம்பியின் கால் மணலைக் குழாயடியில் கழுவித் துடைத்துவிட்டு, ஸ்பாம் முசுபியை (சோற்றுக் கட்டியின் மேல் டப்பா இறைச்சித் துண்டை வைத்துக் கடற்பாசியால் சுற்றிய தின்பண்டம்) பிட்டுப் பிட்டு ஊட்டியதைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவளை ஏவவில்லை. பெரியவர்களிடம் கேள்விமேல் கேள்வி கேட்பதைவிட, அருகிலிருந்து பார்த்துப் பழகுவதே அங்கு மரபு.

பள்ளியிலோ ஆசிரியர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுப்பிப் பதில் கேட்கிறார். வீட்டில் தம்பி தங்கையரின் பொறுப்பைச் சுமக்கும் பிள்ளை அங்கே வாய் திறக்கத் தயங்குகிறது. ஐயம் எழுந்தால் ஆசிரியரிடம் போகாமல் பக்கத்துப் பிள்ளையிடம் திரும்புகிறது. 1970களில் ஹொனலுலுவில் தொடங்கிய கமேஹமேஹா தொடக்கக் கல்வித் திட்டம் இதை ஆராய்ந்து, பிள்ளைகளைச் சிறு குழுக்களாக அமர்த்தி, ஒருவர் தொடங்கியதை மற்றவர் இடைபுகுந்து வளர்க்கும் 'டாக் ஸ்டோரி' பேச்சுமுறையை வாசிப்புப் பாடத்தில் அனுமதித்தபோது, அதே பிள்ளைகளின் வாசிப்புத் திறன் உயர்ந்தது. திண்ணைப் பேச்சில் வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

மொழியின் வரலாறும் இதில் கலந்திருக்கிறது. 1896ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையே பள்ளிகளின் பயிற்றுமொழியாக்கியது. 1978இல் ஹவாய் மொழி ஆட்சிமொழித் தகுதி பெற்று, 1987இல்தான் அரசுப் பள்ளிகளில் மீண்டும் பயிற்றுமொழியாக நுழைந்தது. இடைப்பட்ட தலைமுறைகள் தம் மொழியைப் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டியிருந்தது. பள்ளியோடு ஒட்டாத தாத்தா பாட்டியரைக் காணும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

உடன் படிப்பவர் உதவி கேட்டால் விளக்கிச் சொல்லும்படி உங்கள் பிள்ளையிடம் கூறுங்கள். உறவில்லாத பெரியவர்களையும் 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்றே அழைப்பது இங்கும் வழக்கம். பிறந்தநாளுக்குத் தோழியை அழைத்தால் தம்பி தங்கையரும் உடன் வரக்கூடும். நான்கு தட்டுகளைக் கூடுதலாக எடுத்து வையுங்கள்.