கல்லைத் தொடும் குழி: மழைநீரை நிலத்துக்குள் விடும்போது தவிர்க்க வேண்டியவை

மாரி நெருங்கினால் எங்கள் ஊரில் புதிதாக வீடு கட்டியவர்கள் மழைநீர்க் குழி வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை அவர்களும் செய்கிறார்கள். பீலியில் சருகு அடைப்பது, நுளம்பு பெருகுவது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அவை ஒரு மழையிலேயே தெரிந்துவிடும்.

கல் உடையும்வரை வெட்டுவது

யாழ்ப்பாணத்து மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வலிகாமத்துச் செம்மண் சில இடங்களில் ஆளுயரம் இருக்கும். சில இடங்களில் ஒரு முழம் தோண்டினாலே அலவாங்கு கல்லில் மோதும். மண்ணில் விழுந்த மழை துகள்களுக்கிடையே மெல்ல மெல்ல இறங்குகிறது. அழுக்கு தங்கிவிடுகிறது, கிருமிகளில் பெரும்பகுதி வழியிலேயே மடிகிறது. கல்லில் இது நடக்காது. கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இலேசான அமிலமாகும் மழைநீர், காலங்காலமாகச் சுண்ணாம்பைக் கரைத்து வெடிப்புகளும் பொந்துகளும் உண்டாக்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எல்லோரும் அறிந்த நிலாவரைக் கிணறே அப்படிக் கரைந்து இடிந்த பள்ளம்தான். அந்த வெடிப்புகளுக்குள் புகுந்த நீர் வடிவதில்லை, ஓடுகிறது.

எங்கள் ஒழுங்கையில் ஒருவர், குழியில் தண்ணீர் தேங்குகிறது என்று பொறுமையிழந்து கல்லை உடைப்பித்தார். அடுத்த மழையில் வெள்ளம் நிமிடங்களில் மறைந்தது. எல்லோரையும் கூட்டிவந்து காட்டினார். முற்றத்து வெள்ளத்தோடு மாட்டுக்கொட்டில் கழுவிய நீரும் அதே குழிக்குள் போனதை யாரும் கவனிக்கவில்லை. அவருடைய கிணறும் பக்கத்து வளவுக் கிணறும் கலங்கி நாறின. கிணறுகளை இறைத்து, குளோரின் இட்டு, குழியையும் மூடினார்கள். மூடிய செலவு வெட்டிய செலவை விட அதிகம். இன்றும் "எங்கள் குழி எவ்வளவு வேகமாக இழுக்கிறது பாருங்கள்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த வேகம்தான் ஆபத்து.

கல்லுக்கு மேலேயே நிறுத்துங்கள். மண் ஆழமில்லாத வளவில் குழியே வேண்டாம். அகலமான, ஆழங்குறைந்த பள்ளம் எடுத்துப் புல் வளரவிடுங்கள். கூரைநீரை மட்டும் அதற்குள் விடுங்கள், கூரை அழுக்கை அள்ளிவரும் முதல் மழையைத் தவிர்த்து.

கண்ணுக்குத் தெரியும் சரிவை நம்புவது

"மலசலகூடக் குழி சரிவின் கீழ்ப்பக்கம், கிணறு மேல்பக்கம், பயமில்லை" என்பார்கள். மேலே ஓடும் வெள்ளத்துக்கு அது சரி. கல்லுக்குள் நீர் வெடிப்பு போகும் பக்கம் போகும். மலக்குழியிலிருந்தும் உரத்திலிருந்தும் வரும் நைத்திரேற்றை மண்கூடப் பிடித்துவைப்பதில்லை. கொதிக்கவைத்தாலும் அது போகாது, நீர் வற்றி அதன் செறிவு கூடும். அது கைக்குழந்தைக்கு ஆபத்து, ஆகவே பால்மா கரைக்கும் வீட்டில் கிணற்று நீரைப் பரிசோதித்தே ஆகவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

ஈர மண்ணில் உழவு இயந்திரம்

இறக்காதீர்கள். இறுகிய மண் மழையை உள்ளே விடாது.

வெள்ள வாய்க்காலை மதிலால் மறிப்பது

அயல் வளவை மூழ்கடிப்பீர்கள்.

வளவு முழுவதும் கல் பதிப்பது

முற்றத்தை மூடினால் மழை நிலத்துக்குள் இறங்காது, நன்னீர் மட்டம் தாழும். எங்கள் நிலத்தடி நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கணக்குப்படி, நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால் அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் சுமார் 40 அடி மேலேறும். வாகனம் நிற்கும் இடத்துக்கு மட்டும் பதியுங்கள். கல்லுகளுக்கிடையே சீமெந்து பூசாமல் மணல் போடுங்கள்.