டைட்டானிக்கில் லாஜிக் ஓட்டை தேடுவது எப்படி

முதல் தடவை பார்க்கும்போது எதையும் தேடாதீர்கள், அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். ஓட்டை தேடுவது இரண்டாவது, மூன்றாவது தடவைக்கான வேலை. அதையும் ரொம்பப் பிடித்த படத்தில்தான் செய்ய வேண்டும், பிடிக்காத படத்தில் எல்லாமே ஓட்டையாகத்தான் தெரியும். எனக்கு அப்படிப் பிடித்த படம் 1997-இல் வந்த டைட்டானிக், அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் வரலாற்றுப் பிழை வேறு, கதை ஓட்டை வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கப்பலின் பின்முனையில் குதிக்கத் தயாராக நிற்கும் நாயகி ரோஸிடம் நாயகன் ஜாக், சின்ன வயதில் விஸ்ஸோட்டா ஏரியில் அப்பாவோடு பனிக்கட்டி மேல் மீன் பிடிக்கப் போனதைச் சொல்கிறான். அது அணை கட்டியதால் உண்டான ஏரி, 1912-இல் கப்பல் மூழ்கிச் சில ஆண்டுகள் கழித்துத்தான் அங்கே தண்ணீரே தேங்கியது. தப்புதான், ஆனால் வேறு ஏரியின் பெயரைப் போட்டால் கதை அப்படியே நிற்கும். வானத்து நட்சத்திரங்கள் தப்பாக இருந்ததும் இப்படித்தான், 2012 மறுவெளியீட்டில் இயக்குநர் கேமரூன் அதைத் திருத்தியே விட்டார்.

ஆனால் ஜாக் அதே பேச்சில் இன்னொன்றும் சொல்கிறான். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் உடம்பெல்லாம் ஆயிரம் கத்தி குத்துவது போல இருக்கும், மூச்சு விட முடியாது, யோசிக்கவும் முடியாது என்கிறான். இது படம் நமக்குச் சொல்லிவைத்த விதி, இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பின்பாதியைப் பாருங்கள். கைவிலங்கில் மாட்டிய ஜாக்கை மீட்க ரோஸ் தண்ணீரில் இறங்கும்போது மூச்சு வாங்குகிறாள், சரி. அப்புறம் இருவரும் அதே தண்ணீரில் நீந்துகிறார்கள், நனைந்த துணியோடு ஓடுகிறார்கள், ஜாக் முங்கிச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறக்கிறான், விரல்கூட மரத்துப்போவதில்லை. கடைசியில் அதே குளிர் அவனைக் கொல்கிறது. படம் தான் வைத்த விதியைத் தானே மறக்கும் இந்த மாதிரி இடம்தான் உண்மையான ஓட்டை.

ஒரு பொருளைப் பின்தொடர்வதும் நல்ல வழி. நீல வைரம் பெட்டகத்திலிருந்து ரோஸ் கழுத்துக்கு, திருட்டுப் பழி போட ஜாக்கின் பைக்கு, திரும்ப ரோஸுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை காலிடம், அவன் கோட்டுக்குள், அந்தக் கோட்டோடு ரோஸிடம் என்று போகிறது. எழுதிப் பார்த்தேன், கயிறு ஒரு இடத்திலும் அறவில்லை.

ஓட்டை என்று சொல்லுமுன் அந்தக் காட்சியை மறுபடி ஓட விடுங்கள். ஜாக் பெயர் பயணிகள் பட்டியலில் ஏன் இல்லை? சீட்டாட்டத்தில் ஜெயித்த டிக்கெட்டில்தானே ஏறினான், அறைக்குள் அவனைப் பார்த்து, டிக்கெட்டைத் தோற்ற ஸ்வென் எங்கே என்று கேட்கிறவனே அதற்குப் பதில். கப்பல் மூழ்கியபின் ரோஸ் ஏறிக்கொண்ட, ஜாக்குக்கும் இடம் இருந்ததா என்று எல்லோரும் சண்டை போடும் அந்தப் பலகையும் அப்படித்தான், ஜாக் ஏறிப் பார்க்கிறான், அது கவிழ்கிறது. பலகையில் இடம் இருக்கலாம், இரண்டு பேர் பாரத்தை அது தாங்கவில்லை.

அடுத்து, யாருக்கு எது எப்போது தெரியும் என்று கேளுங்கள். என்னை இன்றுவரை விடாத கேள்வி இதில்தான் வந்தது. ரோஸ் இறந்துவிட்டதாகக் காட்டிக்கொண்டு டாசன் என்ற பெயரில் வாழ்கிறாள், நடிகையாகவும் இருந்திருக்கிறாள், இதைப் படமே சொல்கிறது. மீட்க வந்த கார்பேத்தியா கப்பலில் அவளைத் தேடி அலைந்தவன் கால், ஜாக்கின் முழுப்பெயர் ஜாக் டாசன் என்பதும் அவனுக்குத் தெரியும், 1929 வரை உயிரோடும் இருந்தான். ரோஸ் டாசன் என்ற நடிகையின் பெயர் அவன் கண்ணிலோ, அவள் அம்மா ரூத் கண்ணிலோ ஒரு தடவைகூடப் படவில்லையா?