கிறிஸ்துமஸ் சமயத்துக் கிரகச் சேர்க்கை: எங்கே கோட்டை விடுகிறோம்?

டிசம்பரில் இரண்டு கிரகம் கொஞ்சம் நெருங்கி வந்தால் போதும், "800 வருஷத்துக்கு ஒருமுறை வரும் அதிசயம், இன்று இரவு முழுக்கப் பார்க்கலாம்" என்று ஒரு ஃபார்வர்டு கிளம்பிவிடும். 2020 டிசம்பர் 21-ல் வியாழனும் சனியும் சேர்ந்தபோது அந்த 800 கணக்கு ஏறக்குறைய சரிதான். இரண்டுக்கும் நடுவே நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. 1623-ல் இதே அளவுக்கு நெருங்கியபோது சூரியனை ஒட்டி இருந்ததால் பார்ப்பதே கஷ்டம், அதற்கு முன்னால் என்றால் 1226-க்குப் போக வேண்டும். தப்பு அந்த 'இரவு முழுக்க' என்பதில் இருக்கிறது. சூரியன் இறங்கிய இரண்டு மணி நேரத்தில், எட்டு மணி சுமாருக்கு, இரண்டும் மறைந்துவிட்டன. சாப்பிட்டு முடித்து மொட்டை மாடிக்குப் போகலாம் என்று இருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அதனால் சேர்க்கை என்று கேள்விப்பட்டதும் முதலில் கேளுங்கள்: எத்தனை மணிக்கு மறைகிறது?

கம்பம், கூடலூர் பக்கம் இருக்கிற நமக்கு அந்த நேரமும் முழுசாகக் கிடையாது, ஏனென்றால் மேற்கே மலை. டிசம்பரில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை, நன்றாகத் தெற்கே தள்ளி, கம்பத்திலிருந்து பார்த்தால் குமுளிப் பக்கம் போய் இறங்கும். அன்றைக்குக் கிரகங்கள் இருந்ததும் அதே திசையில்தான், ஆகவே ஊருக்குள் நின்றால் எட்டு மணி வரை எல்லாம் காத்திருக்காமல் அதற்கு வெகு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். நேர் மேற்கே பார்த்துக்கொண்டு "ஒன்றையும் காணோமே" என்பவர்கள் கொஞ்சம் இடது பக்கம் திரும்பினாலே போதும். சரி, மேலே ஏறிவிடலாம் என்று ராமக்கல்மேடுக்கு வண்டி கட்டுகிறவர்களும் உண்டு. அங்கே கண்ணுக்கு விரிகிற பள்ளத்தாக்கு கிழக்கே, தேனிப் பக்கம் இருக்கிறது. விடியற்காலைக் கிரகங்களுக்கு அருமையான இடம், சாயங்காலத்துக்கு அந்தக் காட்சிமுனையே தப்பான திசை. அப்புறம், ஏலத்தோட்ட வேலை முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் இறங்குகிற ஜீப்புகளின் வெளிச்சத்தைக் கிரகம் என்று காட்டுகிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். ஒரு நிமிஷம் பொறுத்துப் பாருங்கள், வளைவு வந்ததும் அணைந்து வேறு இடத்தில் முளைத்தால் அது ஜீப்.

பஞ்சாங்கத்தை வான வரைபடமாக எடுத்துக்கொள்வது இன்னொன்று. வாக்கியப் பஞ்சாங்கப்படி சனி மகரத்துக்குப் போனது 2020 டிசம்பர் 27-ல், திருநள்ளாறில் விழா நடந்ததும் அன்றைக்குத்தான். குரு, அதாவது வியாழன், முந்தைய மாதமே மகரத்துக்கு வந்தாயிற்று, ஆக 27-ல்தானே இரண்டும் ஒரே ராசியில் சேர்கின்றன என்று காத்திருந்தால்? அதற்குள் வியாழன் நிலாவின் அகலத்துக்கும் மேலாகத் தள்ளிப் போயிருந்தது. பெயர்ச்சிக்குப் பஞ்சாங்கம் பாருங்கள், சேர்க்கைக்கு வானத்தைப் பாருங்கள். அதே சமயம் 21-ஆம் தேதி ஒன்றையே பிடித்துத் தொங்கவும் வேண்டாம். நமக்கு டிசம்பர் என்றால் மேகமும் பனியும் உண்டு. முன்பின் மூன்று நாளில் வானம் வெளுத்த சாயங்காலம் எதுவோ அதில் பார்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பயத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் 2004-ல் சுனாமி வந்ததால் இந்த வாரத்தில் வானத்தில் எது நடந்தாலும் அதோடு முடிச்சுப் போடுகிறார்கள். முல்லைப் பெரியாறு அணையை நினைத்து ஏற்கெனவே ஆளுக்கொரு கவலை இருக்கிற ஊரில் இந்த மாதிரிப் பேச்சு சட்டென்று பற்றிக்கொள்ளும். சுமத்ரா அருகே கடலடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே சொருகிக்கொண்டதால் வந்த பூகம்பம் அது, கிரகங்களுக்கு அதில் வேலை இல்லை. 2020-ல் ஒட்டி நின்றதாகத் தெரிந்த வியாழன் நம்மிடமிருந்து 88 கோடி கிலோமீட்டருக்கு மேல், சனி 162 கோடி கிலோமீட்டர் தூரத்தில். ஒன்றுக்கொன்று கிட்டவே வரவில்லை, நாம் பார்க்கிற கோணத்தில் ஒரே பக்கம் தெரிந்தன, அவ்வளவுதான். 1962 பிப்ரவரியில் மகரத்தில் எட்டுக் கிரகம் கூடியபோது உலகமே அழியப் போகிறது என்று நாடு முழுக்க யாகம் நடந்தது. அந்தக் கதையைச் சொல்ல இன்றைக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

'நேர்கோட்டில் கிரகங்கள்' என்பதும் பாதிப் பொய். கிரகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில் சுற்றுவதால் எப்போது பார்த்தாலும் ஒரு கோட்டை ஒட்டித்தான் நிற்கும். 2022 டிசம்பர் கடைசியில் புதன், வெள்ளி, சனி, வியாழன், செவ்வாய் ஐந்தும் சாயங்கால வானத்தில் ஒன்றாக இருந்ததுதான் விசேஷம். கோடு விசேஷம் இல்லை.

இயேசு பிறந்தபோது வானத்தில் தெரிந்ததாகச் சொல்லும் பெத்லகேம் நட்சத்திரமே வியாழன்-சனி சேர்க்கைதான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். கி.மு. 7-ல் வியாழனும் சனியும் மீனத்தில் மூன்று முறை சேர்ந்தது நிஜம், வானியல் அறிஞர் கெப்ளரும் அதைக் கணக்குப் போட்டார். ஆனால் அப்போது இடைவெளி சுமார் ஒரு பாகை, அதாவது இரண்டு நிலா அகலம். ஒரே நட்சத்திரமாகத் தெரிந்திருக்க வழியில்லை. வாசலில் ஸ்டார் கட்டுவதற்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையும் இல்லை.

போனில் ஜூம் பண்ணி எடுத்தால் வெள்ளைப் பொட்டுதான் வரும். சுவரில் சாய்த்து வைத்து, டைமர் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். அதைவிட ஒரு சாதாரண பைனாகுலர் மேல், கை ஆடாமல் பிடித்தால் வியாழனின் நான்கு நிலாக்களும் தெரியும். சனியின் வளையத்துக்கு மட்டும் டெலஸ்கோப் வேண்டும். பைனாகுலரைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதாக இருந்தால் சூரியன் முழுசாக இறங்கிய பிறகு கொடுங்கள், அந்தத் திசையில்தான் தேடப் போகிறார்கள்.